போதோர் கால்மான்னே கேட்ட பெட்டி

பெட்டி தூக்குகிற அந்தச் சின்ன லிஃப்ட் மேலே வரும்போது போடும் சத்தம் இருக்கிறதே, டான்யூபுக்கு அந்தப் பக்கம் புடா மலையில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து உட்கார்ந்து காதைச் சொறியும். ஆவணக் காப்பகத்தின் படிப்பறையில் பாதி ஆயுளை அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியே கழித்த எதெல்காவுக்கு அது காதில் விழுவதே கிடையாது. அன்று மத்தியானம் அவள் திடுக்கிட்டுத் தலை நிமிர்ந்தது சத்தம் கேட்டு அல்ல, சத்தம் கேட்காததால். கயிறு முனகவில்லை, சக்கரம் கீச்சிடவில்லை, பூனை மடியில் ஏறி உட்காருவது போல மெத்தென்று வந்து நின்றது லிஃப்ட். கதவைத் தூக்கினால் உள்ளே ஒரு சாம்பல் நிற அட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் ஒரு கோரிக்கைச் சீட்டு. சீட்டில் அவள் பேர்.

'போதோர் கால்மான்னே.'

எதெல்கா என்பதெல்லாம் வீட்டிலும் டீ மேஜையிலும்தான். சம்பளச் சீட்டிலும் வாசல் மணியிலும், நாளைக்குக் கல்லறைக் கல்லிலும் அவள் போதோர் கால்மான்னே. புருஷன் பேர் முழுசாக, அதன் வாலில் ஒரு 'னே'. போதோர் கால்மானின் பெண்டாட்டி, அவ்வளவுதான். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை. மோதிரத்தை மாட்டி ஆளைப் பிடித்ததோடு நிற்காமல் பேரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டவள் அவள். கால்மானை எந்தக் கோழி ஏறிட்டுப் பார்த்தாலும் அன்றைக்கு அந்தக் கோழி சூப்பாகிவிடும் என்று காப்பகத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். மறுநாள்தான் ஆகும்.

அந்தப் பெட்டியை அவள் கேட்கவில்லை. சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுத்து ஊதா நிறம். மைப் பென்சில், நாக்கில் நனைத்து எழுதினால் மையாகிவிடுமே, அது. அவள் அம்மா காலத்துத் தபால்காரர்கள் நாக்கெல்லாம் ஊதாவாகத் திரிவார்கள். இப்போது அதை யார் விற்கிறார்கள்? சீட்டு லேசாக ஈரமாக இருந்தது. பெட்டியிலிருந்து நிலவறைப் பூஞ்சை வாசனையோடு இன்னொன்றும் வந்தது. ஆற்று வாசனை. குளிர்காலத்தில் பனிக்கட்டி ஓரமாய் ஒதுங்கும்போது கரையில் வருமே, இரும்பும் சேறும் கலந்தாற்போல.

இதைப் பற்றி ஒழுங்காகப் பயப்படுவதற்குள், சுவருக்கு அப்பாலிருந்த பைண்டிங் அறையில் கால்மானின் குரல் கேட்டது. பழைய காகிதங்களுக்கு ஒட்டுப் போட்டுத் தைக்கிற வேலை அவனுக்கு.

"நொயேமி, உனக்கு எலுமிச்சை பிழியட்டுமா?"

உனக்கு.

நேற்றுவரை 'டாக்டரம்மா, உங்களுக்கு.' இன்றைக்கு 'உனக்கு.' அந்த ஊரில் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு யாரும் சும்மா இறங்கிவிட முடியாது. இரண்டு பேரும் கோப்பையில் மது ஊற்ற வேண்டும், கண்ணைப் பார்த்து இடிக்க வேண்டும், குடிக்க வேண்டும். பிறகு காலம் பூராவும் நீதான், திரும்பி ஏற முடியாது. இவளும் கால்மானும் அந்தப் படியை இறங்க ஒரு வசந்தமும் ஒரு கோடையும் ஆயின. அந்த நொயேமியோ காப்பகத்துக்குப் புதுசாக வந்த ஆராய்ச்சி டாக்டர், அவள் வந்து இன்னும் ஒரு கிறிஸ்துமஸ்கூட ஆகவில்லை.

சாயங்காலம் டிராமில் தொங்கிக்கொண்டே விசாரணை தொடங்கியது.

"எப்பக் குடிச்சீங்க?"

"என்னத்தை?"

"நீ-க்கு."

கால்மான் சிரித்தான். மீசை நுனியில் எப்போதும் ஒட்டியிருக்கும் பசைத் துளியும் சேர்ந்து சிரித்தது. "ஓ, அதுவா. செவ்வாய்க்கிழமை. பிளம் பிராந்தி. கோப்பை இல்லாம பசைக் கிண்ணத்துல ஊத்திக் குடிச்சோம். டாக்டர் டாக்டர்னு கூப்பிட்டுக் கிழவியாக்குறீங்களேன்னு அந்தப் பொண்ணு அழாத குறை."

"என்னை மட்டும் அத்தைங்கிறா."

"நீயும் வந்து ஒரு வாய் குடிச்சிருந்தா உன்னையும் எதெல்கான்னு கூப்பிட்டிருப்பா."

"கூப்பிட்டியா என்னை?"

"நீ கோவமா இருந்தே."

"எதுக்குக் கோவம்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீதானே இருந்தே?"

டிராம் முழுக்கச் சிரித்தது. எதெல்கா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் லிஃப்ட் குழாய்க்குள் தலையை விட்டு, கீழே நிலவறையில் பெட்டி எடுத்துக் கொடுக்கும் ஷாமு மாமாவைக் கூப்பிட்டாள். வயசானவர், காது மந்தம், நாக்கு மட்டும் நல்ல கூர்மை.

"மாமா! என் பேருல பெட்டி அனுப்பினீங்களா?"

"நீங்க கேட்டீங்க, அனுப்பினேன். உங்களைப் பத்திதான் நல்லாத் தெரியுமே, ஒரு நிமிஷம் தாமதமானா என் தோலை உரிச்சு ஜவுளிக்கடையில வித்துடுவீங்க."

"நான் கேட்கலை."

"நீங்கதானேம்மா இறங்கி வந்து சீட்டை என் கையில குடுத்தீங்க! பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு. கோட்டு ஜோரா இருக்குன்னுகூடச் சொன்னேன். பதிலே பேசலை. மகாராணி!"

எதெல்கா தலையை வெளியே இழுத்துக்கொண்டாள். அவளிடம் பச்சைக் கோட்டு கிடையாது. காப்பகத்தில் பச்சைக் கோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் வாசல் காவலாளியின் கிளிகூடச் சொல்லும். நொயேமியிடம். கழுத்தில் நரி ரோமம் வைத்த, இடுப்பில் பிடித்த, கண்ணை உறுத்தாத பாசிப் பச்சை. அவள் அதைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது எதெல்கா ஒவ்வொரு தடவையும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். திருப்பிக்கொண்டாலும் ரோமம் கன்னத்தில் படுகிற மாதிரியே இருக்கும்.

ஆக, அந்தப் பெண் இவள் வேஷம் போட்டுக்கொண்டு நிலவறைக்குப் போயிருக்கிறாள். கிழவருக்குக் கண்ணும் மங்கல். புருஷனைப் பிடுங்குவது போதாதென்று பேரையும் பிடுங்கப் பார்க்கிறாள்.

நொயேமி படிப்பறையின் கடைசி மேஜையில் இருந்தாள். முப்பது தாண்டியவள். பெரிய கண்கள், மோதிரமற்ற சின்னக் கைகள். கம்யூனிஸ்ட் ஆட்சி மாறியபின் திறந்துவிட்ட அம்புச் சிலுவைக் கட்சியின் காகிதங்களை வகைப்படுத்த வந்திருந்தாள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஊரை ஆண்ட கூட்டம் அது. வீட்டு நிலவறைகளைச் சிறையாக்கி, யூதர்களைக் கையைக் கட்டி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், காலணியைக் கழற்ற வைத்து, சுட்டு ஆற்றில் தள்ளிய கூட்டம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டார்கள். கையை உயர்த்தி "விடாப்பிடி!" என்பார்கள்.

"என் பேருல பெட்டி எடுக்கிறியாமே?"

"நானா? எதுக்கு அத்தை? என் பேருலயே எடுத்துக்கலாமே, யாரு தடுக்கப்போறா?"

"பச்சைக் கோட்டு போட்டுட்டு."

நொயேமி ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள், பிறகு எதெல்காவை. "அதை நான் உள்ள வந்ததும் கழட்டிடுவேன். இங்க வேர்த்துக் கொட்டுதே." அப்புறம் குரலைத் தணித்தாள். "அத்தை, ஒண்ணு கேட்கட்டுமா? உங்களுக்கு இந்தப் பெட்டியெல்லாம் கையில ரேகை மாதிரி அத்துப்படி. என் பாட்டியோட தங்கச்சி ஒருத்தி. அவ பேருதான் எனக்கும். யாரோ ஒரு வீட்டுல ஒளிச்சு வெச்சிருந்தாங்க. யாரோ ஒருத்தர் எழுதிப் போட்டுட்டாங்க. வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. யார் எழுதினாங்கன்னு தெரியணும். அவ்வளவுதான். பாட்டி சாகிற வரைக்கும் அதையேதான் கேட்டா."

"எழுதினவளும் செத்திருப்பா."

"எழுதினவளா? பொம்பளைன்னு எப்படித் தெரியும்?"

எதெல்காவுக்கே தெரியாது, தான் ஏன் அப்படிச் சொன்னாள் என்று.

தன் மேஜைக்குத் திரும்பி, முன்தினம் வந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே அந்த ஊர் ஜனங்கள் கட்சி இல்லத்துக்கு எழுதிப் போட்ட புகார்கள். மேல் வீட்டுக்காரன் ரேடியோ கேட்கிறான். கீழ் வீட்டு டாக்டர் பொய்க் காகிதம் வைத்திருக்கிறார், அவர் பியானோ நல்ல பியானோ. எல்லாம் தட்டச்சு, எல்லாம் காய்ந்து மஞ்சளாகியிருந்தன. அடியில் ஒன்று மட்டும் கையெழுத்து. ஊதா. அது காயவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எதெல்காவும் நம்பவில்லை, விரலை வைத்துப் பார்த்தாள். விரல் ஊதாவானது.

'மதிப்புக்குரிய கட்சி இல்லத்தாருக்கு, விடாப்பிடி! எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். பெரிய கண்கள் உள்ளவள். என் கணவர் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கிறார், எலுமிச்சை பிழிகிறார். நேற்றுவரை நீங்கள் என்றவர் இன்று நீ என்கிறார். அவள் சிரித்தால் அவரும் சிரிக்கிறார். நான் சிரித்தால் என்ன விஷயம் என்று கேட்கிறார். அவளை நீங்கள் அழைத்துப்போக வேண்டும். அவளுடைய பச்சைக் கோட்டு எனக்குச் சரியாக இருக்கும். அவள் பெயர்'

அந்த இடத்தில் ஈரம் தின்று காகிதம் வெளுத்திருந்தது. பேர் இல்லை. அதற்குக் கீழே கையெழுத்து. போதோர் கால்மான்னே. மூலையில், பழைய ஆட்கள் போடுவார்களே, 'மறுபக்கம்' என்று ஒரு சின்னக் குறிப்பு.

மறுபக்கத்தை மறைத்து வேறொரு தாள் பசை போட்டாற்போல ஒட்டிக்கொண்டிருந்தது. கால்மானிடம் கொடுத்தால் ஆவி காட்டி அழகாகப் பிரித்துவிடுவான். பிரித்துவிட்டு, ஓடிப்போய் நொயேமியிடம் காட்டுவான். அவள் அழுவாள். இவன் கைக்குட்டை எடுப்பான். எதெல்கா தாளை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். இந்த ஊரில் போதோர் கால்மான் என்று நூறு பேர் இருந்திருப்பார்கள், நூறு பேருக்கும் பெண்டாட்டி இருந்திருப்பாள். பேர் என்ன, ஒரு கோட்டு. எவள் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் என்னமாய் எழுதியிருக்கிறாள்! 'நான் சிரித்தால் என்ன விஷயம் என்று கேட்கிறார்.' இத்தனை வருஷத்தில் எதெல்காவின் மனசை இவ்வளவு துல்லியமாக ஒருத்தரும் சொன்னதில்லை. பாதிரியாரிடம் பாவமன்னிப்புக்குப் போனபோது அவளே சொன்னதில்லை.

பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் மெத்தென்று, சத்தமில்லாமல், அவளுக்கு மனசு எரிகிற நேரம் பார்த்து. சுவருக்கப்பால் சிரிப்புக் கேட்டால் லிஃப்ட் வந்து நிற்கும். நொயேமி 'கால்மான்!' என்று மாமா போடாமல் மொட்டையாகக் கூப்பிட்டால் வந்து நிற்கும். சீட்டில் ஊதாவில் அவள் பேர். முதலில் திருப்பி அனுப்பினாள். பிறகு அனுப்பவில்லை. பிறகு, லிஃப்ட் வரவில்லை என்றால் மனசு அதைத் தேட ஆரம்பித்தது. பெட்டிக்குள் காகிதங்களுக்கு நடுவே ஒரு நாள் ஒரு மைப் பென்சில் கிடந்தது. தேய்ந்து குட்டையானது, பல் பதிந்தது. அதையும் அவள் இழுப்பறையில் போட்டாள். படிப்பறையில் ஆற்று வாசனை அதிகமாகிவிட்டது. மற்றவர்கள் வெந்நீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி ஆளை வரவழைத்தார்கள். ஆள் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறதே என்று திட்டிவிட்டுப் போனான்.

ஒரு காலை, பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியில் வெங்காயம் நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த கால்மான் அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றான்.

"டிசம்பர்ல மல்பெரி எங்கடி கிடைச்சுது உனக்கு?"

"என்ன உளர்றே?"

"உதடெல்லாம் ஊதா. எனக்கு ஒண்ணு மிச்சம் வெச்சியா, இல்லை மரத்தோட முழுங்கிட்டியா?"

அவள் கண்ணாடிக்கு ஓடினாள். உதட்டின் உள்விளிம்பில் ஒரு ஊதாக் கோடு. நாக்கை நீட்டவில்லை. நீட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உப்பும் சோப்பும் போட்டுத் தேய்த்தாள். ராத்திரி அவள் எழுந்திருக்கவே இல்லை, அது நிச்சயம். அவ்வளவு நிச்சயமாக இல்லை.

பனி கொட்டிய நாள் அது. பனி என்றால் சும்மா இல்லை, வானத்தில் இருக்கிற அத்தனை வாத்தையும் யாரோ உட்கார்ந்து இறகு பிடுங்கினாற்போல. நாலு மணிக்கெல்லாம் ஜன்னல்கள் கறுத்துவிட்டன. படிப்பறையில் இருந்தவர்கள் டிராம் நிற்பதற்குள் வீடு சேர ஓடினார்கள். பச்சை மூடி போட்ட மேஜை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே எதெல்கா பைண்டிங் அறை வாசலுக்கு வந்தாள். கதவு ஒரு விரல் திறந்திருந்தது. பசை காய்ச்சும் வாசனை, எலுமிச்சை வாசனை, மஞ்சள் வெளிச்சம்.

நொயேமி கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். கால்மான் அவள் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, கிழிந்த பொத்தான் துவாரத்தைப் பச்சை நூலால் தைத்துக்கொண்டிருந்தான். அவள் உடம்பில் இருக்கும்போதே. ஊசி மெல்ல உள்ளே போனது, மெல்ல வெளியே வந்தது. நூலை அறுக்க அவன் குனிந்தான். கத்தரி மேஜையில் இருந்தது. அவன் பல்லால் அறுத்தான்.

"அசையாதே நொயேமி. குத்திடும்."

"குத்தினா பரவால்ல. நூல் செலவு எவ்வளவு?"

"ஒரு பிளம் பிராந்தி."

தன் சாம்பல் கோட்டில் விழுந்த பொத்தானைத் தைத்துத் தரச் சொல்லி எதெல்கா போன வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு என்பான்.

அவள் தன் மேஜைக்கு எப்படி வந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. இழுப்பறை திறந்திருந்தது. தாள் வெளியே இருந்தது. மை பளபளத்தது. 'அவள் பெயர்' என்ற இடத்துக்கு அப்பால் அந்த வெளுப்பு, கழுவி வைத்த தட்டு போல, காத்துக்கொண்டு.

பென்சிலை எடுத்தாள். நாக்கில் வைத்தாள். உலோகச் சுவை. பழகின சுவை.

எழுதினாள்.

நொயேமி.

எழுத்து அவளுடையதா, அந்தக் கடிதக்காரியுடையதா என்று பார்த்தால், இரண்டும் ஒன்றாக இருந்தது. தாளை லிஃப்டில் வைத்தாள். கதவை மூடவில்லை. அது தானாக மூடிக்கொண்டு, தானாக இறங்கியது. சத்தமில்லாமல்.

குழாய் வழியாகக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. ஷாமு மாமா மூன்று மணிக்கே போய்விட்டார்.

"விடாப்பிடி."

ஒரு பெண் குரல். தோழியிடம் பேசுவதுபோல, சந்தோஷமாக.

விளக்கு மங்கியது. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். நிறையப் பூட்ஸ். அவசரமில்லாமல். எதெல்கா மேஜைக்குப் பின்னால் குறுகி உட்கார்ந்தாள். தாழ்வாரத்தில் நொயேமியின் குரல், வீட்டுக்குக் கிளம்புகிற குரல். "வரேன் அத்தை!" பிறகு ஒரு "யாரு?" பிறகு ஒன்றுமில்லை. ஒரு நாற்காலிகூட விழவில்லை. ஆற்று வாசனை மட்டும் கதவிடுக்கு வழியாக ஊர்ந்து வந்து, அவள் காலணியைத் தொட்டு, திரும்பிப் போனது.

எழுந்து பார்த்தாள். தாழ்வாரம் முழுக்க ஈரமான பூட்ஸ் தடங்கள். நடுவில் ஒரு ஜோடி சின்னத் தடங்கள். வெறுங்கால். படியிறங்கிப் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

பைண்டிங் அறையில் கால்மான் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேஜையில் இரண்டு கோப்பை.

"நொயேமி எங்கே?" என்றாள்.

"எந்த நொயேமி?"

"டாக்டர். கோட்டு தைச்சியே."

"யார் கோட்டு? உன்னுதா?" அவன் பச்சை நூலை விரலில் சுற்றிப் பார்த்தான். "நான் என்ன தைச்சிட்டிருந்தேன்? பார்த்தியா, வயசாயிடுச்சு." சிரித்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. "உன் கோட்டைக் குடு. பொத்தான் வெச்சுத் தரேன்."

முதலில் அவளுக்கு வந்தது பயம் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். சந்தோஷம். கல்யாணத்தன்று மாதா கோவில் படியில் வந்த அதே சந்தோஷம், வாயில் ஊதாச் சுவையோடு.

கைகோத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நாலு பக்கமும் மாடி, நடுவில் முற்றம், ஒவ்வொரு மாடியையும் சுற்றி இரும்புக் கம்பி போட்ட தொங்கு தாழ்வாரம், அதில் வரிசையாகக் கதவுகள், புதாபெஸ்தில் பாதிப் பேர் குடியிருக்கும் மாதிரி வீடுதான். கால்மான் வழியெல்லாம் பாட்டு முனகினான். வாசலில் பனியை உதறினான். அவள் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

கோட்டு மாட்டும் ஆணியில் பச்சைக் கோட்டு தொங்கியது.

சொட்டிக்கொண்டிருந்தது. நரி ரோமத்தில் பனிக்கட்டிச் சில்லுகள் கண்ணாடித் தூள் போலத் தொங்கின. தரையில் சேற்று நீர் ஓடி அடுப்பங்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மேல் பொத்தான் துவாரத்தில் புத்தம் புதிய பச்சை நூல். கீழே, இடது மார்புக்கு நேராக, ஒரு சின்ன ஓட்டை. அதை யாரும் தைத்திருக்கவில்லை.

"என்னடி வாசல்லயே நிக்கிறே? குளிருது." கால்மான் கோட்டை உரசிக்கொண்டு உள்ளே போனான். பார்க்கவில்லை. செருப்பு மாற்றினான். "அவரை சூப் இருக்கா?"

சூடு பண்ணினாள். மிளகாய்ப்பொடி அடுப்பெல்லாம் சிந்தியது. அவன் எதிரில் உட்கார்ந்து சூப் உறிஞ்சுகிற சத்தம். எவ்வளவு நல்ல சத்தம். என்னுடையவன், என்று நினைத்தாள். கோட்டைக் காலையில் ஆற்றில் போட்டுவிடலாம். நாளை. நாளை எல்லாம் சரியாகும்.

மணி அடித்தது.

தாழ்வாரத்தில் இரண்டு பேர். இளவயசு. சுத்தமாகச் சவரம் செய்த முகங்கள். கையில் பட்டி, பட்டியில் அம்புகள். முன்னால் நின்றவன் தொப்பியை எடுத்தான். குனிந்தான். அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான். உதடு ஐஸ்.

"விடாப்பிடி, போதோர் கால்மான்னே! உங்க புகாருக்கு நன்றி. கோட்டு அளவு சரியா இருக்கா?"

அவள் தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள்?

அவன் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தான். பிரிந்திருந்தது. அழகாக, ஆவி காட்டினது போல. மறுபக்கம் திருப்பினான்.

"'அவளை எங்கள் வீட்டில் ஒளித்து வைத்து,'" என்று படித்தான், பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பது போல, "'பொய்க் காகிதம் செய்து கொடுத்தவர் என் கணவர், புத்தகம் கட்டுபவர், போதோர் கால்மான்.'"

"இல்லை," என்றாள். "அது இவர் இல்லை. அது வேற. அது பழசு."

"பேர் சரிதானேம்மா?"

"பேர்…"

கால்மான் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். வாயில் சூப் வாசனை. தாளைப் பார்த்தான். ஊதா எழுத்தைப் பார்த்தான். அவள் உதட்டைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். கைதேர்ந்தவன். ஒரு மையையும் ஒரு கையெழுத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும் அவனுக்கு.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றான். வீட்டுச் செருப்போடு. பனியில். ஒரு தடவை திரும்பினான்.

"ஏன் எழுதினீங்க?" என்றான்.

நீங்க.

அவர்கள் நடந்தார்கள். தொங்கு தாழ்வாரம் அதிர்ந்தது. அவள் கத்த வாயைத் திறந்தாள். அது நான் இல்லை, அவள் வேறே, நான்… நான்… தன் பேரைத் தேடினாள். அம்மா கூப்பிட்ட பேர். டீ மேஜையில் கூப்பிடும் பேர். நாக்கின் அடியில் துழாவினாள். இல்லை. அங்கே ஊதா மட்டும் இருந்தது.

ஒரு சொல் வந்தது. அது ஒன்றுதான் வந்தது.

"விடாப்பிடி!"

முற்றத்தைச் சுற்றி, எல்லா மாடியிலும், எல்லாக் கதவும் ஒரு விரல் திறந்தது. ஒவ்வொரு கதவிடுக்கிலும் ஒரு பெண். ஒவ்வொருத்தி மேலும் யாரோ ஒருத்தியின் கோட்டு, சொட்டச் சொட்ட. எல்லா வாயும் ஊதா. அன்போடு, அவளுக்காக வெகு காலமாய்க் காத்திருந்தவர்கள் போல, எல்லாரும் கையை உயர்த்தினார்கள்.

தாழ்வாரக் கோடியில் கால்மானின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதன்மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. தன் கை மெல்ல மேலே போவதை அவள் பார்த்தாள். கையைச் சுற்றிப் பச்சைக் கம்பளி. சரியான அளவு.